மாப்பிள்ளை கொண்டு வந்த ஆலங்கன்று

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மனிதர் ஒரு சூட்கேசும், ஒரு சைக்கிளும், ஒரு பால்மா டின்னும் கொண்டு வந்தார். சூட்கேசை யாரும் கவனிக்கவில்லை. சைக்கிளைச் சிலர் மணியடித்துப் பார்த்தார்கள். டின்னை வந்து பார்க்காதவர் மருதமுனையில் ஒருவர்கூட மிச்சமில்லை. அதற்குள் ஒரு சாண் உயரத்தில் ஆலங்கன்று ஒன்று நின்றது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு, வளவு, கிணறு எல்லாம் பெண்ணின் பேரில் எழுதப்படும். மாப்பிள்ளைமார் உடுப்பு கொண்டு வருவார்கள், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருவார்கள், வசதியானவர் ரேடியோ கொண்டு வருவார். மரம் கொண்டு வந்த மாப்பிள்ளையை ஊர் அதுவரை கண்டதில்லை. பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஏன்கா, மஹருக்குப் பதிலா ஆலமரமா தந்தாரு மாப்புள?" என்று உம்மாவைக் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? "ஆல வளவுக்குள்ள வெச்சா ஜின்னு வந்து குடியேறும்கா, பாத்துக்க" என்று பயமும் காட்டிவிட்டுப் போனார்.

ராத்தாவின் மாப்பிள்ளை எனக்கு மச்சான் முறை; அட்டாளைச்சேனைக்காரர். விவசாயப் போதனாசிரியர் உத்தியோகம். சவளக்கடைப் பக்கத்து வயல்காரர்களுக்கு எந்த நெல்லை எப்போது விதைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது வேலை. அவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வாப்பாமார் விதைத்த மாதிரியே விதைப்பார்கள். பேராதனைக்கு ஒரு தடவை பயிற்சிக்குப் போயிருந்தபோது, யப்பானிலிருந்து வந்த ஒருவர் சோற்றுத் தட்டளவு சட்டியில் நூறு வயது மரம் ஒன்றைக் காட்டினாராம். மச்சானுக்கு அன்று பிடித்த பைத்தியம் பிறகு இறங்கவேயில்லை. ஊருக்குத் திரும்பியதும் தன் உம்மா வீட்டுக் கிணற்றுக் கட்டு வெடிப்பில் முளைத்திருந்த ஆலங்கன்றைப் பிடுங்கி டின்னில் வைத்தார். அதை வளர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் ராத்தாவின் கலியாணம் குறுக்கே வந்தது.

சூறாவளி எங்கள் தென்னைகளில் பாதியைச் சாய்த்ததற்கு அடுத்த வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? அறவே பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முன்னறையில் ராத்தாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்கியவள் நான். அவர் வந்த அன்று என் தலையணையை எடுத்து, வாப்பாவின் தறிக் கொட்டிலை ஒட்டிய அறையில் உம்மாவின் பக்கத்தில் போட்டார்கள். என் இடத்தில் அவர் படுத்தார். அதற்கு மேல் ஒரு ஆளை வெறுக்கக் காரணம் வேண்டுமா? நான் பழி வாங்கிய விதம் எளிமையானது. அவரை மச்சான் என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை. சோறு ஆயத்தம் என்று சொல்ல அனுப்பினால் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் காலம் தள்ளினேன் என்றால் என் அடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெளியில் காட்ட முடியாது. புது மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அது போல மானக்கேடு எங்கள் ஊரில் வேறில்லை. எங்களுக்கு மூன்றாவது சந்தில், ஒழுங்கை என்போம், ஒரு மாப்பிள்ளை, விருந்தில் கோழி ஈரலைத் தன் தட்டில் வைக்காமல் சகலைக்கு வைத்துவிட்டார்கள் என்று எழும்பிப் போனவர், நாலு மாதம் திரும்பி வரவில்லை. பள்ளிவாசல் பெரியவர்கள் போய்ப் பேசித்தான் கூட்டி வந்தார்கள். அவருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா அந்த நாலு மாதமும் கிணற்றடிக்குக்கூட வெளிச்சத்தில் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோழி வெட்டினால் உம்மா முதலில் ஈரலைத் தேடி எடுத்துத் தனியாக மூடி வைப்பார். மச்சானுக்கு ஈரல் பிடிக்காது என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. பாவம், அதுவரை வாயைத் திறக்காமல் தின்றிருக்கிறார். உம்மா அவர் முன்னால் வரமாட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார். அவர் இருமினால் தறிச்சத்தம் நின்றுவிடும்.

சின்ன மரம் என்றால் சின்னச் சட்டியில் வைப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவரோ மரத்தை டின்னிலிருந்து எடுத்துக் கிணற்றடியில் குழி தோண்டி நிலத்தில் நட ஆயத்தமானார். வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சின்னதாக்கத்தானே கொண்டு வந்த மருமகன்? பின்ன என்னத்துக்கு நிலத்தில வெக்கிறீங்க?"

"முதல்ல அடி தடிக்கணும் மாமா. இப்பவே சட்டியில வெச்சா சாகுமட்டும் குச்சிதான்."

குழிக்குள் முதலில் ஓர் உடைந்த கூரையோட்டைக் கிடையாக வைத்தார். அதன் மேல் வேர்களைச் சுற்றிவரப் பரப்பி மண் போட்டார். ஓடு தடுப்பதால் வேர் நேரே கீழே இறங்காமல் நாலாபக்கமும் படருமாம். மருதமுனை மணல் அதற்குப் போதாதென்று, சவளக்கடை வயல் மண்ணை உரப்பையில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்து வியர்க்க வியர்க்க மிதித்து வந்தார். கவர்மண்ட் உத்தியோகத்தர் மண் சுமக்கிறார் என்று ஒழுங்கை முழுவதும் சிரித்தது. ராத்தாவுக்கு வெட்கம். ஆனால் அந்த வெட்கத்துக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்ததை நான் கண்டேன், அது என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

மரம் வளர்ந்தது. மேலே வந்த தளிர்களையெல்லாம் நகத்தால் கிள்ளி விடுவார். கீழே, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் கிளம்பிய ஒரு கிளையை மட்டும் தொடமாட்டார். கேட்பாரில்லாமல் அது வளர்ந்தது. ஒரு வருடத்தில் என் உயரம் வந்தது. அடுத்த வருடம் வேலிக்கு மேலால் பெரியம்மாவின் வளவை எட்டிப் பார்த்தது. பார்க்கச் சகிக்காத கோலம். மேலே கட்டையாக வெட்டிய தலை, பக்கத்தில் ஒற்றையாக நீண்டு தொங்கும் கிளை. பைத்தியக்காரன் ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன், வாப்பாவின் தறியடியில் கிடக்கும் வெட்டு நூல் ஒன்றை எடுத்து அடிமரத்தைச் சுற்றி அளப்பார். சுற்று முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டு, நூலை அலுமாரிக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்கவிடுவார். அந்தக் கதவில் பேராதனையில் கிடைத்த படம் ஒன்றும் ஒட்டியிருந்தது. அகலச் சட்டியில் குட்டி மரம்; உச்சி உருண்டையாக, ஒவ்வொரு கிளையும் இலைத்தட்டு மாதிரி ஒழுங்காக. ஒரு வெள்ளிக்கிழமை நான் கிணற்றடியில் நின்றபோது அவர் ஒன்றும் பேசாமல் நூலின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினார். நானும் ஒன்றும் பேசாமல் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு முதல் வெள்ளியும் நுனி பிடிப்பது என் வேலையாகிவிட்டது. அவர் நல்லவர்தானோ என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. ஆனால் பிடித்த அடத்தை விடுவதற்கு ஒரு வழி கிடைக்க வேண்டுமே.

ராத்தாவுக்கு ஏழு மாதமாக இருந்தபோது மச்சானின் உம்மா மருமகளைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. தனியாக இல்லை, ஒரு வேன் நிறையச் சொந்தக்காரருடன். கலியாணத்துக்குப் பிறகு அந்த மாமி எங்கள் வீட்டு வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. உம்மாவுக்கு மூன்று நாள் தூக்கமில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முற்றத்துக்குப் புது மணல் போட்டோம். வளவு முழுவதும் பளிச்சென்று இருந்தது, கிணற்றடிப் பைத்தியக்காரனைத் தவிர. அடுப்படிக் குசினிக்குள் உம்மா ராத்தாவிடம் புலம்பியது என் காதில் விழுந்தது.

"அவவுட கிணத்தடி மரம் புள்ள அது. இந்தக் கோலத்தில கண்டா, ஒரு மரத்தைக்கூட ஒழுங்காப் பாக்காத ஊட்டிலயா என்ட மகன் இரிக்கான் எண்டு நினைக்கமாட்டாவா? மருமகனுக்கிட்ட நான் எப்படிச் சொல்ற?"

மாமியார் மருமகனிடம் சொல்ல முடியாது. ராத்தா சிரித்துவிட்டுத் தேங்காய் துருவினாள். நான் யோசித்தேன். விதைப்புக் காலம், மச்சானுக்கு ஓய்வில்லை. அதனால்தான் மரம் இப்படிக் கிடக்கிறது. அது எப்படி வர வேண்டும் என்பதற்கோ அலுமாரியில் படம் இருக்கிறது. அதைப் பார்த்து நானே முடித்துக் கொடுத்தால்? உம்மாவின் கவலையும் தீரும், அவருக்கும் சந்தோசம், எனக்கும் அடத்தை விட ஒரு சாட்டுக் கிடைக்கும். இன்றைக்கும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல எண்ணத்தோடு நான் செய்த காரியங்கள் குறைவு.

அவர்கள் வரும் அன்று சுபஹ் தொழுகை முடிந்ததும் மச்சான் தன் உம்மாவைக் கூட்டி வர அட்டாளைச்சேனைக்குப் போனார். எல்லோரும் குசினியில். நான் வாப்பாவின் நூல் வெட்டும் கத்தரிக்கோலையும், அது போதாதென்று பல்லுள்ள தாக்கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கதிர் அறுக்கும் தாக்கத்தி. என் பெருவிரலை விடத் தடித்திருந்த அந்த நீளக்கிளையை அடியோடு அறுக்க அதுதான் சரி. கிளை சரிந்தது. வெட்டுவாயிலிருந்து வெள்ளைவெளேரென்று பால் வடிந்து கையெல்லாம் ஓடியது. மிச்ச இலையைக் கத்தரிக்கோலால் உருட்டினேன். இரண்டு தடவை ஓடிப் போய் அலுமாரிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். மாஷா அல்லாஹ், அப்படியே படம்! கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். வெட்டிய கிளையை ஆட்டுக்குப் போட்டேன். ஆடு பத்து நிமிடத்தில் சாட்சியை முழுசாகத் தின்று முடித்தது.

வாப்பா முகம் கழுவ வந்தார். மரத்தைக் கண்டவர் கையிலிருந்த வாளியை அப்படியே விட்டார்.

"யா அல்லாஹ்! அந்த நீளக் கொப்பு எங்க? என்ன நடந்தாலும் அதில மட்டும் கை வெக்கப்படா மாமா எண்டு மருமகன் சொன்னாரே! இந்த ஆடு அவிழ்ந்திட்டா?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வாப்பா ஈர்க்குக் கட்டால் ஆட்டுக்கு நாலு போட்டார். அதுவரை நான் செய்தது பிழை. அதற்குப் பிறகு நான் செய்தது பாவம். ஆடு அடி வாங்கியதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். மூன்றாவது ஒழுங்கை அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வராமல் அறைக்குள் இருப்பது போலத் தோன்றியது. கையைச் சவர்க்காரத்தால் கழுவினேன், மணலால் தேய்த்தேன். ஆலம்பால் தண்ணீருக்குப் போகாது. தேய்க்கத் தேய்க்கக் கபில நிறமாகிப் பிசினாய் ஒட்டியது. தறிக் கொட்டிலுக்குள் ஒளிந்ததில் நூல் பஞ்சும் அதில் பிடித்துக்கொண்டது.

வேன் வந்தது. சிரிப்பும் ஸலாமுமாக எல்லோரும் இறங்கினார்கள். மச்சான் லுஹர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனார். நான் கொட்டில் ஓலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையாமல் நின்றார். பிறகு குந்தி, வெட்டுவாயில் ஒரு விரலை வைத்தார். அவர் கோபப்படுவார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அந்த முகத்தில் கோபத்தைக் காணவில்லை. பள்ளிக்கூடத்தில் கொப்பியைத் தொலைத்த பிள்ளையின் முகம் அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் எழும்பி, வுழூச் செய்து, தொழுது, வந்து ஆண்களோடு பாயில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை இல்லை.

வார்த்தை அவருடைய உம்மாவிடமிருந்து வந்தது. அவர் கிணற்றடிக்குப் போய் வந்து பின்கதவு நிலையில் நின்றார். உயரமான பெண்பிள்ளை, குரலும் உயரம்.

"மகன், எங்கூட்டுக் கிணத்தடி மரத்துக்கு மொட்டை அடிச்சிரிக்கி. ஆரு செஞ்ச?"

வாப்பா எழும்பினார். "அது சம்மந்தி, இந்த ஆடு…"

"தாக்கத்தியால அறுத்துக் கிடக்கு. எந்த ஊருல ஆடு தாக்கத்தி பிடிக்கிற?"

திரைச்சீலைக்குப் பின்னால் உம்மாவின் வளையல் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் மச்சானின் பெரியவாப்பா தொண்டையைச் செருமினார். அவர் மெதுவாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். "மகன், இஞ்ச ஒனக்கு மதிப்பில்லாட்டிச் சொல்லு. வேன் வாசல்லதான் நிக்கிது."

சாப்பாட்டு நேரம். சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் சோறு வைத்தாகிவிட்டது. சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது வீட்டுச் சின்னப் பெண்ணின் வேலை. ஏதாவது ஒன்று நடந்து அந்தப் பேச்சு நின்றால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, உம்மா திரைக்குள்ளிருந்து தண்ணீர்க் கேத்தலையும் கீழே ஏந்தும் பேசினையும் என் கையில் திணித்து என்னைத் தள்ளிவிட்டார். முதலில் பெரியவாப்பா. பிறகு இன்னும் நாலு பேர். எல்லோருடைய கண்ணும் பின்கதவில் இருந்ததால் என் கையை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் மச்சான்.

அவர் பேசினுக்கு மேல் கையை நீட்டினார். நான் கேத்தலைச் சரித்தேன். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் கையைக் கழுவவில்லை. கேத்தல் பிடித்த என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கபிலப் பிசின், அதில் பச்சை நூல் பஞ்சு. நான் நிமிரவில்லை. தண்ணீர் முடிந்து கேத்தல் வெறுமையாகிவிட்டது, நான் இன்னும் சரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் இப்போது ஒரு வார்த்தை சொன்னால் என் ராத்தாவின் வாழ்க்கை முடிந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"நான்தான் உம்மா வெட்டின" என்றார்.

"நீயா?"

"ஓம். சுபஹுக்கு முந்தி வெட்டிட்டுத்தான் அங்க வந்தன். வெட்டுற காலம் வந்திட்டு."

மாமி விடவில்லை. "பால் இன்னும் வடியிது மகன்."

"ஆலுதானே உம்மா. அது மூணு நாளைக்கு வடியும்."

விவசாயத் திணைக்களத்தில் சம்பளம் வாங்கிய ஒரு மனிதர் தன் உத்தியோக காலத்தில் சொன்ன ஆகப் பெரிய பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அட்டாளைச்சேனையில் வயலும் தோட்டமும் பார்த்து வளர்ந்த அந்த மாமிக்கு ஆலம்பால் ஒரு நாள்கூட வடியாது என்று தெரியாதா? அவர் மகனைப் பார்த்தார். பேசினோடு நின்ற என்னைப் பார்த்தார். என் கையையும் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, "சரி, சோறு ஆறுது. பிஸ்மி சொல்லித் தின்னுங்க" என்று உள்ளே போனார். வாப்பா ஆட்டைக் கட்டியிருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அன்று பின்னேரம் அவர் அதற்கு ஒரு கட்டுக் கிளுவங்குழை வெட்டிப் போட்டதைக் கண்டேன்.

வேன் போன பிறகு நான் கிணற்றடியில் கையைத் தேய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். மச்சான் வந்தார். தள்ளி நின்றபடியே, "அது தண்ணிக்குப் போகாது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேயுங்க" என்றார்.

"மச்சான்" என்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. சொல் வாய்க்குப் பழக்கமில்லாமல் கரகரத்தது. "மரம் செத்திருமா?"

அவர் மரத்தைப் பார்க்கிறாரா என்னைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தார். "சாகாது. நல்லாத்தான் வெட்டியிரிக்கீங்க. நானும் வெட்டத்தான் இரிந்த."

எனக்கு உயிர் வந்தது. சும்மா உயிர் அல்ல, கொழுப்போடு வந்தது. மச்சானே ஒத்துக்கொண்ட பிறகு என்ன? போன்சாய் வெட்டத் தெரிந்த ஒரே பெண் நான்தான் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வாப்பா ஏதோ விளங்காமல் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மரத்தின் அடியில் மறுபடி ஒரு தளிர் வந்தது. மச்சான் அதைக் கிள்ளாமல் விட்டார். அது குச்சியாகி, கிளையாகி, நாலு வருடத்தில் பழையபடி வேலியைத் தாண்டியது. முதல் வெள்ளிகளில் நூல் சுற்றினோம். நான் நுனி பிடித்தேன், இப்போது வாய் மூடாமல் கதைத்துக்கொண்டு. மாதக் கணக்காக முடிச்சு அதே இடத்தில் விழுந்தது. மரம் என்றால் மெதுவாகத்தானே வளரும் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. பதின்மூன்று வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தும் பேச்சு வந்தபோது, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்ற உம்மாவிடம், "படிக்கட்டும் மாமி" என்று சொன்னவரும் அவர்தான். மருமகன் வாய் திறந்து கேட்டதை மறுக்க உம்மாவுக்குத் துணிவில்லை. நான் இன்று ஆசிரியையாக ஓய்வூதியம் எடுப்பது அந்த இரண்டு சொல்லால்.

பதினாறு வயதில் ஒரு பின்னேரம், தறிக் கொட்டிலுக்குள் இருந்து சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் மச்சானும் மகளும். மகளுக்கு ஐந்து வயது, கேள்வி கேட்டே ஆளைக் கொல்லும் பிள்ளை.

"வாப்பா, இந்த நீட்டுக் கொப்பு வடிவில்ல. வெட்டுவமா?"

"வெட்டப்படா மகள். இதாலதான் அடி தடிக்கிற. இத வளர விட்டாத்தான் மரத்துக்குச் சாப்பாடு. கடைசியாத்தான் இத வெட்டுற. முந்தி ஒருக்கா அவசரப்பட்டு வெட்டி, நாலு வருசம் பிந்திப் போச்சு."

"ஆரு வாப்பா வெட்டின?"

"நான்தான்" என்றார்.

நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. ஓலை இடுக்கால் பார்த்தேன். சர்வ சாதாரணமாக மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. வெளியே போய் நான்தான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. போகவில்லை. புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கனநேரம் அழுதேன். அவர் என்னைக் காப்பாற்றினார் என்பது அன்று முழுதாக விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அதுவும் பாதிதான். எனக்குக் கலியாணம் முடிந்த மறுநாள் காலை, என் மாப்பிள்ளை முன்வாசலில் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். உள்ளே உம்மாவும் ராத்தாவும் அவருக்கு என்ன குறையோ என்று கிசுகிசுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலால் அந்த மனிதரைப் பார்த்தேன். என் வீடு, என் கிணறு, என் கட்டில், என் ஆட்கள். அவருடையது என்று அங்கே எதுவுமில்லை. அவர் பயந்துபோய் நின்றார்.

அப்போதுதான் எனக்கு மச்சானின் இருபத்தாறு வயது தெரிந்தது. எங்கள் வளவில் தனதென்று காட்ட அவருக்கு இருந்தது அந்த ஒரு மரம். அதில் இரண்டு வருட உழைப்பை அறுத்து நான் ஆட்டுக்குப் போட்டிருந்தேன். வாசலில் வேனும், கேட்பதற்குத் தன் ஆட்களும் இருந்த அந்த நேரத்தில் அவர் பெற்ற தாயிடம் பொய் சொன்னார், தன்னிடம் சுவரைப் பார்த்தே பேசிய ஒரு பிள்ளைக்காக. அவர் போய்விடுவாரோ என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். அவரோ எப்படியாவது எங்களில் ஒருவராகிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்த கையோடு கிணற்றடியில் நின்ற பதினொரு வயதுக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அவள் மரத்தைப் பார்த்து, நன்றாகத்தான் வெட்டியிருக்கிறேன் என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தாள்.